ஐந்து உருப்படியில் பத்து உடைகள்

(தையல் ஆசிரியை எழுதுவது)

நமது பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை ஆண்டுதோறும் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம் என்பதனைப் பெற்றோர்கள் அறிவீர்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை புறப்பட்டு, அன்று மதுரையில் தங்கி, சனிக்கிழமை மலையேறி, ஞாயிறன்று சலேத் மாதா ஆலயத்தில் திருப்பலி கண்டு, திங்கள் இரவு ஊர் திரும்புவோம். நான்கு பகல், மூன்று இரவு. பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் அலுவலக வாசலில் ஒட்டப்பட்ட நாள்முதல் பிள்ளைகளின் பேச்செல்லாம் ஒன்றேதான்: "நீ என்ன டிரஸ் எடுத்திட்டு வர்றே?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டியலில் ஒரு பெயரின்மேல் பேனாவால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. இழுத்தவள் அந்தப் பெயருக்கு உரியவளேதான். இரண்டு நாள் கழித்து அவளுடைய தாயார், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தார். பணம் தவணையில்லாமல் முழுதும் கட்டியாகிவிட்டது. உடம்புக்கு ஏதுமில்லை. பின் ஏன் என்று கேட்டேன். அந்த அம்மா முதலில் ஏதேதோ சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "நாலு நாளைக்கு நாலு உடுப்பு வேணுமாம் டீச்சர். யூனிபாரத்தைத் தவிர இவகிட்ட வெளியே போட்டுக்கிட்டுப் போற மாதிரி இருக்கிறது ஒண்ணுதான். போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது. பஸ்ஸுக்கு நான் எப்படியோ பொரட்டிட்டேன். துணிக்கு எங்கே போவேன்?" என்றார். பிள்ளை வரவில்லை. எங்கள் பேருந்தில் ஓர் இருக்கை காலியாகவே போய்க் காலியாகவே திரும்பியது.

இதனைத் தலைமை ஆசிரியைச் சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினைந்து வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறீர்கள் டீச்சர். கைக்குட்டையும் குழந்தைச் சட்டையும் தைத்துக் காட்டி மார்க் வாங்குகிறார்கள். சுற்றுலாவுக்கு உடுத்த ஏன் தைக்கக்கூடாது?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. கேள்வி சரியானதுதானே! அந்த ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பின் தையல் பாடத்தையே மாற்றிக்கொண்டோம். அப்படிச் செய்ததில் நாங்கள் கற்றதை, வீட்டில் தைக்க விரும்பும் மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நம் சிஸ்டர்மார்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டுவதில்லை. அவர்கள் இரண்டு மூன்று அங்கிகளை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மாற்றலாகிப் போகிறவர்கள். பயணத்துக்குக் குறைவாக எடுத்துச் செல்லும் கலையை நாம்தான் அவர்களிடம் கற்கவேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நாம் கடையில் வாங்கும் சுடிதார் ஒரு செட். அதன் மேலாடை அதன் கீழாடையோடு மட்டுமே சேரும். நான்கு நாளைக்கு நான்கு செட் என்றால் துப்பட்டாவோடு பன்னிரண்டு உருப்படிகள் பையில் ஏறும். ஆனாலும் கிடைப்பவை நான்கே உடைகள். இப்போது வேறு விதமாகப் பாருங்கள். கீழே உடுத்த இரண்டு: ஒரு பேண்ட், ஒரு நீளப் பாவாடை. மேலே உடுத்த மூன்று: இரண்டு டாப்ஸ், முன்பக்கம் முழுவதும் பொத்தான் வைத்த ஒரு தளர்ந்த சட்டை. எந்த மேலாடையும் எந்தக் கீழாடையோடும் சேரும்படி நிறம் தேர்ந்தால், மூன்றை இரண்டால் பெருக்க, ஆறு. அந்தச் சட்டையை இரண்டு டாப்ஸ்களின்மேலும் பொத்தான் போடாமல் மேலங்கிபோல் அணியலாம். அதில் நான்கு. ஆக ஐந்து உருப்படியில் பத்து உடைகள். துப்பட்டா போட்டும் போடாமலும் என்று எண்ணினால் இருபது. கணக்கு டீச்சரிடம் காட்டினேன். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பெருக்கல் நடப்பதும் நடக்காததும் நிறத்தைப் பொறுத்தது. இங்கேதான் பிள்ளைகள் வழுக்கிவிடுகிறார்கள். கடைக்குப் போனால் கண் ஒவ்வொரு துணியையும் தனித்தனியே பார்த்து ஆசைப்படும். பச்சையில் ஒன்று, ரோஸில் ஒன்று என்று ஐந்து துணியும் அழகாகத்தான் இருக்கும், ஒன்றோடொன்று பேசாது. ஆகையால் கீழாடை இரண்டும் வெறும் நிறமாக, அழுத்தமானதாக இருக்கட்டும். கருநீலமும் சாம்பலும், அல்லது கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் நல்ல ஜோடி. பேருந்து இருக்கையின் அழுக்கும் புல்தரையின் கறையும் அழுத்த நிறத்தில் தெரியா. மாதத்தின் அந்த நாட்கள் பயணத்தில் வந்துவிடுமோ என்று அஞ்சுகிற பிள்ளைக்கும் அதில் ஒரு நிம்மதி உண்டு, தாய்மார்கள் அறிவார்கள். டாப்ஸ்களில் ஒன்று சிறு கட்டம், மற்றது சிறு பூ என்று உங்கள் ஆசைக்கு இடம் கொடுங்கள். அவற்றின்மேல் வரும் சட்டை மட்டும் மறுபடியும் வெறும் நிறம். பூவின்மேல் கட்டம் ஏறினால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

இனித் துணி. ஐந்தடி உயரமுள்ள, நடுத்தர உடல்வாகுள்ள பிள்ளைக்கு, 44 அங்குல அகலத் துணியில், பேண்டுக்கு 2 மீட்டர், பாவாடைக்கு 2¼ மீட்டர், டாப்ஸ் ஒவ்வொன்றுக்கும் 1¾ மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 2 மீட்டர், துப்பட்டாவுக்கு 2¼ மீட்டர். மொத்தம் 12 மீட்டர். பாப்ளின் போன்ற சில துணிகள் 36 அங்குல அகலத்திலும் வரும். அப்போது இந்த அளவு போதாது. கடைக்காரர் கிழிப்பதற்குமுன் அகலத்தை டேப்பால் அளந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

பன்னிரண்டு மீட்டரும் புதிதாக வாங்கவேண்டும் என்பதில்லை. அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று ஐந்தரை மீட்டர் இருக்கும். அதில் ஒரு பாவாடையும் ஒரு டாப்ஸும் வெட்டி, இன்னும் ஒன்றரை மீட்டர் மிச்சம் கிடைக்கும். முந்தானையை டாப்ஸின் முன்பக்கத்துக்கு வைத்தால் அதுவே அலங்காரம். தனியே லேஸ் வேண்டாம். பழைய சேலையில் வெட்டுமுன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்திலும் கால் தட்டும் கரை ஓரத்திலும் துணி முதலில் நைந்துபோகும். வெளிச்சம் சல்லடைபோல் தெரிகிற இடத்தைச் சாக்கட்டியால் வளைத்துக் குறித்துக்கொண்டு, மற்ற இடத்தில் வெட்டவேண்டும். எங்கள் வகுப்பில் சேலைத் துணியில் தைத்தவை எவை, கடைத் துணியில் தைத்தவை எவை என்று தைத்து முடித்தபின் என்னாலேயே சொல்ல முடியவில்லை.

துணி வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, அதன்பிறகே வெட்டவேண்டும். தறியில் நெய்யும்போது பாவு நூல்களைக் கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்து, இழுத்துப் பிடித்த நூல் தன் இயல்புக்குத் திரும்பும். அதுதான் சுருங்குவது. பாவு நீளவாக்கில் ஓடுவதால் நீளம்தான் அதிகம் குறையும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே 36 அங்குலப் பாவாடை ஏறக்குறைய இரண்டு அங்குலம் ஏறிவிடும். தைத்தபின் சுருங்கினால் யாரை நொந்து என்ன பயன்?

சாயத்தையும் அப்போதே சோதிக்கவேண்டும். இதில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் அரக்கு நிறத் துணி ஒன்றை மொத்தமாக வாங்கினோம். "சாயம் கெட்டிம்மா, போகவே போகாது" என்றார் விற்றவர். நேரமில்லாத அவசரத்தில் நானும் நம்பிவிட்டேன். மதுரையில் தங்கிய இரவில் இரண்டு பிள்ளைகள் ஒரே வாளியில் தங்கள் துணிகளைப் போட்டிருக்கிறார்கள். ஒன்று அரக்கு டாப்ஸ், மற்றது சந்தன நிறச் சட்டை. காலையில் சந்தனச் சட்டை ரோஸ் சட்டையாக இருந்தது, அதுவும் திட்டுத்திட்டாக. சட்டைக்காரி அழுதாள், டாப்ஸ்காரி அவளைவிட அதிகமாக அழுதாள். ஊர் திரும்பியபின் அந்தச் சட்டை முழுவதையும் கருநீலச் சாயத்தில் முக்கிக் கொடுத்தேன். அது இன்னும் உழைக்கிறதாம். ஆனால் அன்று மலைமேல் அந்தப் பிள்ளை குளிருக்குச் சட்டையில்லாமல் என் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் சுற்றினாள்.

சோதனை மிக எளிது. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை நனைத்து, புதுத் துணியின் ஓரத்தில் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை தனியே அலசவேண்டும். அப்போதும் விடுகிறதென்றால் பயணத்துக்கு அது வேண்டாம். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் தோய்க்கும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தோய்த்து முடித்து, ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. வேடிக்கை என்னவென்றால், 1950களின் இறுதியில் நம் மதராஸ் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போய்ச் சாயம் விட்டபோது, 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து அதைப் பெரிய நாகரிகமாக விற்றார்கள். ஒரே வாளியில் இருவர் துவைக்கும் நமக்கு அந்த நாகரிகம் கட்டாது.

பருத்தியா, கலப்புத் துணியா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நூறு கிராம் பருத்தி சாதாரணமாகக் காற்றிலிருந்தே எட்டுக் கிராம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட இழுக்காது. ஆகவே வியர்வைக்குப் பருத்தி சுகம். காய்வதற்குக் கலப்புத் துணி வேகம். உடம்போடு ஒட்டும் டாப்ஸ் இரண்டும் பருத்தியாகவும், அடிக்கடி துவைக்க வேண்டாத பேண்டும் பாவாடையும் பருத்தி கலந்த டெரிகாட் வகையாகவும் இருந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். சட்டைக்கு மட்டும் கொஞ்சம் கனத்த கைத்தறித் துணி எடுங்கள். அதற்குக் காரணம் மலை.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர். எனவே பதின்மூன்று டிகிரி குறைவு என்று கொள்ளலாம். மார்கழி, தை இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழும் இறங்குவதுண்டு. காலையில் வத்தலக்குண்டில் வியர்த்த பிள்ளை மாலையில் ஏரிக்கரையில் நடுங்குவாள். இதற்கென்று தனியாகக் குளிர் உடுப்புகள் தைக்கவேண்டுமோ என்றால், வேண்டாம். நம்மைக் குளிரிலிருந்து காப்பது துணியைவிட, துணிக்கும் துணிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ஒரு கனத்த உடுப்பைவிட டாப்ஸ், அதன்மேல் மற்ற டாப்ஸ், அதன்மேல் சட்டை என்று மூன்று அடுக்கு அணிவது கூடுதல் கதகதப்பு. மேலே ஒரு ஸ்வெட்டர் இருந்தால் பனிக்கும் பயமில்லை. பாவாடைக்குள் பேண்ட் போட்டுக்கொள்ளலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. மலையிறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போடலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: பருத்தி நனைந்துவிட்டால் அந்தக் காற்று போய்த் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். நனைந்த துணியோடு மலைமேல் நிற்கக்கூடாது.

தைப்பதற்குப் பாவாடையில் தொடங்குங்கள். எல்லாம் நேர்த்தையல், புதுக்கைக்கு ஏற்றது. 36 அங்குல நீளத்துக்கு, மேல் தையலுக்கு அரை அங்குலம், கீழ் மடிப்புக்கு இரண்டரை, ஒரு டக் பிடிக்க இரண்டு என்று சேர்த்து 41 அங்குலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டவேண்டும். துணியின் முழு அகலமும் அப்படியே இருக்கட்டும். மீதியாகும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பட்டைத் துண்டு இடுப்புப் பட்டிக்கு. அந்த டக் எதற்கு என்று பாட்டியைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளின் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்திருப்பார்கள். பிள்ளை வளர வளர ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் தைத்த பாவாடை பதினோராம் வகுப்பிலும் உழைக்கவேண்டுமானால் அந்தப் பழைய வழக்கத்தைவிட நல்ல வழியில்லை. பிரித்த இடத்தில் பழைய கோடு தெரிந்தால் அதன்மேல் ஒரு வரி ரிப்பன் வைத்துத் தைத்துவிடலாம். இடுப்புக்கு ஜிப் வைக்காதீர்கள். பயணத்தில் ஜிப் பழுதானால் பாவாடையே பாழ். நாடா கோத்தால் இளைத்தாலும் பருத்தாலும், தங்கை உடுத்தினாலும் பொருந்தும்.

ஓரத் தையல்களுக்குப் பிரெஞ்சுத் தையல் போடுங்கள். பயணத்தில் துணியைக் கையால் கசக்கி முறுக்கிப் பிழிவோம். வெட்டிய ஓரம் வெளியே இருந்தால் நூல் பிரிந்து கொண்டே வரும். முதலில் துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிறகு ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, துணியைத் திருப்பி, வெளிப்புறங்கள் ஒன்றையொன்று தொடும்படி மடித்து, இன்னொரு கால் அங்குலத்தில் அடுத்த தையல். வெட்டிய ஓரம் உள்ளே சிறைப்பட்டுவிடும். இன்டர்லாக் கடைக்குக் கொண்டு ஓடவேண்டியதில்லை. அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் விழும்படி மெஷினை வைத்துக்கொண்டு, 14ஆம் எண் ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி துணியை இழுக்கும். புதிய ஊசிக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இனி நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று: பாக்கெட். கடையில் கிடைக்கும் பெண்பிள்ளைகளின் உடுப்புகளில் பெரும்பாலும் பாக்கெட் இருப்பதில்லை. இருந்தாலும் இரண்டு விரல் நுழையாது. பெண்ணுக்குக் கையில் வைத்துக்கொள்ள ஒன்றும் இராது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை! நாமே தைக்கும்போது அந்தக் குறையை ஏன் சுமக்கவேண்டும்? பாவாடையிலும் பேண்டிலும் வலப்பக்க ஓரத் தையலில், இடுப்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே, ஆறரை அங்குலத் திறப்பு விட்டு, ஆறு அங்குல அகலமுள்ள பை வைத்துத் தையுங்கள். பையின் மேல்விளிம்பை இடுப்புப் பட்டியோடும் சேர்த்துத் தைத்துவிட்டால் நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடாது. இடப்பக்கம் உள்ளே பொத்தான் வைத்த சிறு பை ஒன்று. அதில் பணமும், ஆசிரியையின் தொலைபேசி எண் எழுதிய சீட்டும். ஒரு பிள்ளை கூட்டத்தில் வழிதவறிவிட்டாலும் அவள் கைப்பை எங்கே போனாலும் அந்தச் சீட்டு அவளோடு இருக்கும்.

டாப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பில் தைத்திருக்கிறீர்கள். முப்பது அங்குல நீளம், முக்கால் கை, மார்பளவுக்கு மேல் நான்கு அங்குலத் தளர்வு, தலை தாராளமாக நுழையும் கழுத்து. சட்டைக்கு மட்டும் ஆறு அங்குலத் தளர்வு விடுங்கள். டாப்ஸின்மேல் போட வேண்டியதல்லவா? முழுக்கையைச் சுருட்டி மேலே நிறுத்த உட்புறம் ஒரு பட்டியும் பொத்தானும் வைத்தால் வெயிலில் அரைக்கை, குளிரில் முழுக்கை. காஜா எடுக்கக் கை பழகாதவர்கள் முதலில் மிச்சத் துணியில் ஐந்தாறு எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். மாற்றுப் பொத்தான் ஒன்றைச் சட்டையின் அடி மடிப்பிலேயே உட்புறமாகத் தைத்து வைத்துவிடுங்கள். பேண்டில் கவனிக்கவேண்டியது உட்காரும் பகுதி. அங்கே இறுக்கம் பிடித்தால் பேருந்துப் படியில் கால் தூக்கும்போது தையல் விடும். இடுப்பளவைவிட ஒரு சாண் தாராளமாக வெட்டி, கவட்டுத் தையலை இருமுறை ஓட்டுங்கள். கால்களை நெடுக்குவாக்கில்தான் வெட்டவேண்டும். துணியை மிச்சப்படுத்துவதற்காக ஒரு காலை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் வெட்டினாள் ஒரு பிள்ளை. இரண்டு துவைப்பில் ஒரு கால் நேராக நின்றது, மற்றது முறுக்கிக்கொண்டது.

துப்பட்டா நான்கு ஓரமும் மெல்லிய கைத்தையல் போட்ட வெறும் பருத்தித் துண்டு, அவ்வளவுதான். ஆனால் அதைப்போல உழைப்பது வேறில்லை. ஆலயத்தில் முக்காடு, வெயிலில் குடை, பேருந்து ஜன்னலில் திரை, நான்காக மடித்தால் தலையணை, குளிரில் கழுத்துக்கு மப்ளர். ஜரிகையும் கல்லும் வைத்த துப்பட்டாவால் இதில் ஒன்றுகூட ஆகாது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளில் நாடா வைத்த சுருக்குப் பைகள் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அழுக்குத் துணிக்கு. மற்றது சிறியது, தனக்கு மட்டும் வேண்டியவற்றை வைத்துக்கொள்ள. ஊசி, நூல், இரண்டு ஊக்கு ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

துவைப்பதைப் பற்றி ஒரு சொல். மலைமேல் மூடுபனியில் துணி காயாது. துவைப்பதை மதுரை இரவிலேயே முடித்துவிடவேண்டும். பிழிந்த துணியை உலர்ந்த துண்டின்மேல் பரப்பி, பாய்போல் சுருட்டி, அதன்மேல் முழங்காலால் அழுத்தி எடுத்தால் மீதி ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். பிறகு மின்விசிறியின்கீழ் தொங்கவிட்டால் மெல்லிய டாப்ஸ் விடிவதற்குள் உலர்ந்துவிடும்.

மதுரையில் பிள்ளைகளைக் காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவோம். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அவர் அரைவேட்டிக்கு மாறியதும் அதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து அந்தக் கோலத்தில் வெளியே வந்தார். வரும் வழியில் ரயிலில் கண்ட ஏழை மக்கள், கதர் வாங்கத் தங்களுக்கு வசதியில்லை என்று சொன்னது அவர் மனத்தில் தைத்திருந்தது. முதலாண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றபோது, பேருந்தின் அந்தக் காலி இருக்கையை நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் முதலில் இதனை மகிழ்ச்சியாக ஏற்றார்கள் என்று சொல்லமாட்டேன். "புது சுடிதார் எடுத்துக் கொடுக்க எங்களுக்கு வசதி இருக்கிறது, எங்கள் பிள்ளை ஏன் பழைய சேலையில் தைத்து உடுத்தவேண்டும்?" என்று ஒரு தாயார் வந்து கேட்டார். பழைய சேலை கட்டாயமில்லை, எந்தத் துணியிலும் தைக்கலாம், ஆனால் தைத்ததையே உடுத்தவேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு பை, அது இருக்கையின்கீழ் அடங்கவேண்டும் என்று சிஸ்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாயாரின் மகள்தான் வகுப்பிலேயே நேர்த்தியான காஜா எடுத்தாள். இப்போது தன் அம்மாவுக்கும் இரவிக்கை தைத்துக் கொடுக்கிறாளாம்.

பெயரின்மேல் கோடு இழுத்த பிள்ளை அந்த ஆண்டோடு ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால் எங்களோடு வரமுடியாமலே போய்விட்டது. அது எனக்கு இன்றும் குறைதான். ஆனால் பத்தாம் வகுப்பில் அவள் சனிக்கிழமைகளில் தையலறைக்கு வந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஐந்து உருப்படியையும் தைத்து முடித்தாள். பாவாடை அம்மாவின் ஊதா நிறச் சேலையில் தைத்தது. இந்த ஆண்டு அவளுடைய தங்கை ஒன்பதாம் வகுப்பு. சென்ற மாதம் அந்தப் பாவாடையைக் கொண்டுவந்து, "அக்கா எனக்குக் கொடுத்திட்டா டீச்சர், கொஞ்சம் நீளமா இருக்கு" என்றாள். அக்காவுக்காகப் பிரித்துவிட்ட டக்கைத் தங்கைக்காகத் திரும்பவும் பிடித்துக் கொடுத்தேன்.

தையலறை சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். வீட்டில் மெஷின் இல்லாத பிள்ளைகளுக்கு முதலிடம். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் காகித வெட்டுகள் சுவரில் தொங்குகின்றன. அவற்றை விரித்து வரைந்துகொண்டு, மறக்காமல் திரும்ப அதே ஆணியில் மாட்டுங்கள். துணியை வீட்டிலேயே நனைத்து உலர்த்திக் கொண்டுவாருங்கள்.